கரா-தாஷில் பேர் கூப்பிட்டவள்

மாலை நாலு மணி. நவம்பர் மாதம். கரா-தாஷ் கணவாய்க்கு ஏறும் குதிரைப் பாதை.

இரண்டு பக்கமும் கருங்கல் சுவர். நடுவே ஓர் ஓடை, பாதி உறைந்துவிட்டது. மீதிப் பாதி பனிக்கட்டிக்கு அடியில் ஓடுவது மட்டும் கேட்கிறது... யாரோ போர்வைக்குள் முணுமுணுப்பது மாதிரி. அந்த மாதத்தில் அந்த நேரத்தில் அங்கே யாரும் ஏறமாட்டார்கள். அன்றைக்கு மூன்று குதிரைகள் ஏறின.

முதல் குதிரையில் ஒரு பெண். இரண்டாவதில் நகரத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி. மூன்றாவதில் கூட்டுப்பண்ணையின் குதிரைக்காரன் ஷார்ஷென். மூன்று பேரில் ஒருவன் திரும்பி வரவில்லை.

இது எனக்கு நடந்ததில்லை. நடந்திருந்தால் இந்தக் குடிசையில் உட்கார்ந்து உங்களோடு டீ குடித்துக்கொண்டிருக்க மாட்டேன், பனி தள்ளும் வேலைக்கே வந்திருக்க மாட்டேன். என் சிநேகிதன் குபாத்தின் அத்தைக்கு நடந்தது. குபாத்தை உங்களுக்குத் தெரியும்... நாரின் சாலையில் பெட்ரோல் லாரி ஓட்டுகிறான்.

"ஜெயிலுக்குப் போயிட்டு வந்தாங்களே, அந்த அத்தையாண்ணே?" என்று மாக்சாத் கேட்கிறான்.

அவளேதான். சேயில்கான். அடுப்பில் இன்னொரு வரட்டி வை மாக்சாத். கதவைச் சாத்து. இது கதவைத் திறந்துவைத்துச் சொல்கிற விஷயம் இல்லை.

சேயில்கானுக்கு ஒன்பது வயதானபோதுதான் அந்த இலையுதிர்காலம் வந்தது. 1916. எங்கேயோ நடக்கிற யுத்தத்துக்குப் பதுங்குகுழி வெட்ட ஆள் அனுப்பு என்றது ஜாரின் அரசாங்கம். எங்கள் ஆட்கள் முடியாது என்றார்கள். பிறகு துப்பாக்கிகள் வந்தன. கூடாரங்கள் எரிந்தன. ஊர் ஊராக ஜனங்கள் ஆட்டை, மாட்டை, குழந்தையை வாரிக்கொண்டு கணவாய்களைத் தாண்டிச் சீனப் பக்கம் ஓடினார்கள். உங்கள் வீடுகளிலும் ஓடியிருப்பார்கள். யார் வீட்டில் ஓடவில்லை?

அவள் குடும்பம் ஓடியது கரா-தாஷ் வழியாக. அப்பா காசிமாலி, அம்மா அரூக்கே, அம்மாவின் முதுகில் கட்டிய நாலு வயதுத் தம்பி தாயிர்பேக். பின்னால் சிப்பாய்கள், முன்னால் பனி. விழுந்தவர்களைப் புதைக்க நேரமில்லை. மூன்றாம் நாள் சேயில்கான் நடந்துகொண்டே தூங்க ஆரம்பித்தாள். அந்தக் குளிரில் தூங்கினால் அவ்வளவுதான். அவள் அம்மா கன்னத்தில் ஓர் அறை விட்டுச் சொன்னாளாம்:

"தூங்காதே. விழுந்தவங்க பேரைச் சொல்லிக்கிட்டே நட. ஒரு பேர்கூட விடக்கூடாது. விட்டா அடிப்பேன்."

அவள் சொல்லிக்கொண்டே நடந்தாள். ஒவ்வொருவர் விழ விழ ஒரு பேர் கூடியது. கணவாயின் உச்சியில், கல்குவியல் பக்கத்தில், அம்மா தம்பியை முதுகிலிருந்து அவிழ்த்து அப்பாவிடம் கொடுத்தாள். பிறகு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. கடைசிப் பேர் அம்மாவுடையது.

அடுத்த வருஷம் திரும்பி வந்தார்கள். வந்த ஒரு மாதத்தில் அப்பாவைக் காய்ச்சல் கொண்டுபோனது. அதற்குள் ஜாரும் போய்விட்டான், வேறு ஆட்சி வந்தது. சேயில்கான் அடுத்தவன் ஆட்டை மேய்த்துத் தம்பியை வளர்த்தாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். பெண் கேட்டு வந்தவர்களிடம், "என் தம்பி படிச்சு முடிக்கட்டும், அதுவரைக்கும் உங்க பையன் இருந்தா பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினாளாம். யாரும் இருக்கவில்லை. தாயிர்பேக் வாத்தியார் ஆனான்.

வாத்தியார் ஆனவன் சும்மா இருந்திருக்கலாம். அவன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினான். அக்கா சொன்ன பேர்களை எழுதினான். பிறகு வீடு வீடாகப் போய் மற்றவர்களையும் கேட்டு எழுதினான். கரா-தாஷ் வழியில் யார் யார் விழுந்தார்கள், எந்த இடத்தில், எத்தனை வயது... ஐந்து வருஷம் எழுதினான். முந்நூற்றுப் பதினொரு பேர். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவரின் பேர்.

1937 செப்டம்பரில் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன விரோதம் வளர்க்கிறான், பழைய கலகத்தைக் கிளறுகிறான் என்று குற்றம். அவன் மனைவிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அந்தக் குழந்தைதான் நம் குபாத்.

நவம்பரில் அந்த அதிகாரி வந்தான். பேர் ஜெதிமோவ். ஜெதிம் என்றால் அநாதை... அநாதை விடுதியில் வைத்த பேர். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். அழகான ஆள் என்று ஷார்ஷென் சொல்வான். மெதுவாகப் பேசுவான். சேயில்கானின் வீட்டில், அடுப்புப் பக்கத்தில், பெரியவர்களுக்கு விடுகிற இடத்தில் கேட்காமலே போய் உட்கார்ந்தான்.

"உன் தம்பி நல்லா இருக்கான். நோட்டைக் குடு. அவன் வீட்டுக்கு வந்துடுவான்."

"அப்படியா. அவன் கையால ரெண்டு வரி எழுதி வாங்கிட்டு வாங்க."

"அவனால இப்போ எழுத முடியாது."

 அவள் தம்பி வாத்தியார். எழுத முடியாது என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே தம்பி மனைவி குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டாள். சேயில்கான் அழவில்லை.

"அதுல இருக்கறது செத்தவங்க பேரு தம்பி. செத்தவங்களை என்ன பண்ணப் போறீங்க?"

"செத்தவங்க எனக்கெதுக்கு? ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் சொன்னவன் பேர் இருக்குல்ல. அவங்க உசுரோட இருக்காங்க."

மூன்று பள்ளத்தாக்கில் இருக்கிற ஜனம் அத்தனையும் அந்த நோட்டில் இருந்தது. கொடுத்தால் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போவார்கள். கொடுக்காவிட்டால் இந்த வீட்டைக் கிளறுவார்கள், தம்பி மனைவியைக் கூட்டிப் போவார்கள், குழந்தைக்கு ஓர் அநாதை விடுதி... இன்னொரு ஜெதிமோவ்.

அவள் யோசித்தது ஒரு கோப்பை டீ ஆறும் நேரம்தான்.

"நோட்டு வீட்ல இல்ல. கரா-தாஷ் உச்சியில, கல்குவியலுக்கு அடியில வெச்சிருக்கு. நான் காட்டினாத்தான் கிடைக்கும்."

"காட்டு."

வானத்தைப் பார்த்தவர்கள் யாரும் அன்றைக்கு ஏறமாட்டார்கள். மேற்கே வானம் ஈயம் மாதிரி தொங்கியது. இருட்டினதும் பனி இறங்கும், இறங்கினால் கணவாய் வசந்தம்வரை மூடிவிடும். அவளுக்குத் தெரியும். நகரத்து ஆளுக்குத் தெரியாது. மேலே போனால் அவன் இறங்க முடியாது. அவளும் இறங்க முடியாது. அதுதான் அவள் முடிவு. கிளம்பும்போது தம்பி மனைவியிடம், "விளக்கைச் சீக்கிரமே அணைச்சுடு. எனக்காக வெச்சிருக்காதே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஷார்ஷென் குதிரைகளைக் கொண்டுவந்தான். நாற்பத்தைந்து வயது ஆள். அவனும் வானத்தைப் பார்த்தான், அவளையும் பார்த்தான். வழியில் அதிகாரி பின்தங்கிய நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து கேட்டான்:

"பொண்ணே, இன்னிக்குப் போற வழியா இது?"

"உங்களுக்கு இல்லண்ணே. ரெட்டைப் பாறை வந்ததும் குதிரைக்குக் கால் நொண்டுதுன்னு சொல்லித் திரும்பிடுங்க."

"நீங்க ரெண்டு பேரும் ஏறியிருக்கறது பண்ணைக் குதிரை. தொலைச்சா என்னை உரிச்சுடுவாங்க."

"என்னை விட ரெண்டு குதிரை பெருசாப் போச்சா உங்களுக்கு."

ஷார்ஷென் சிரித்தானாம். பிறகு சிரிக்கவில்லை.

ரெட்டைப் பாறையில் குதிரைக்குக் கால் நொண்டுகிறது என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. மூன்று குதிரைகளும் நின்றுவிட்டன. காதுகள் முன்னால் விறைத்து நிற்கின்றன. உடம்பெல்லாம் நடுக்கம். சாட்டையால் அடித்தாலும் ஓர் அடி வைக்கவில்லை. அங்கே காற்று இல்லை. ஆனால் ஒரு வாசனை... நனைந்த கம்பளி வாசனை. புளித்த குதிரைப்பால் வாசனை. முடி கருகின வாசனை. நூறு குடும்பம் தங்கியிருக்கிற இடத்தில் வருமே, அந்த வாசனை. சுற்றிக் கல்லைத் தவிர ஒன்றும் இல்லை.

"நடந்து போலாம்," என்றான் ஜெதிமோவ். "நீ குதிரைங்களைப் பிடிச்சுக்கிட்டு இங்கேயே இரு."

ஷார்ஷென் இருந்தான். அவர்கள் இரண்டு பேரும் ஏறினார்கள். கல்குவியல் அங்கிருந்து அறுபது எழுபது அடிதான், கண்ணுக்குத் தெரிகிற தூரம், பேசினால் கேட்கிற தூரம். அதனால்தான் இந்தக் கதை நமக்குக் கிடைத்தது.

கல்குவியலிடம் போனதும் அவன், "எங்கே?" என்றான்.

"இல்ல."

"என்ன இல்ல?"

"நோட்டு அடுப்புக்குப் போயிடுச்சு தம்பி. நவம்பர் ஏழாம் தேதி, புரட்சி நாள். நீங்கல்லாம் கொடி பிடிச்சு ஊர்வலம் போயிட்டு இருந்தீங்க. நான் வீட்ல உட்கார்ந்து ஒவ்வொரு தாளாப் போட்டு ரொட்டி சுட்டேன். நல்லாத்தான் வெந்துச்சு."

அவன் கைத்துப்பாக்கியை எடுத்தான். அவள் அவனைத் தாண்டிக் கீழே, அவர்கள் ஏறி வந்த பாதையைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பேருதானே வேணும்? செத்தவங்க பேர் அத்தனையும் எனக்கு மனப்பாடம். இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. கேட்டுட்டுப் போங்க."

பிறகு கூப்பிட ஆரம்பித்தாள். முணுமுணுக்கவில்லை, ஒப்பிக்கவில்லை. மலையில் ஆடு மேய்க்கிறவள் எதிர்ச் சரிவில் இருக்கிறவரைக் கூப்பிடுவாளே, அந்தக் குரலில் கூப்பிட்டாள். அடிவாரத்திலிருந்து ஆரம்பித்து, யார் எங்கே முதலில் விழுந்தார்களோ அந்த வரிசையில்.

"சோரோன்பாய். அறுபது வயசு. ஓடை திரும்பற இடத்துல."

எதிரொலி வரும் என்று ஷார்ஷென் எதிர்பார்த்தான். அந்தப் பள்ளத்தாக்கில் தும்மினாலே நாலு தரம் திரும்பி வரும். வரவில்லை.

"சோரோன்பாய் பொண்டாட்டி பூபுஷ். அதே இடத்துல."

ஒன்றும் இல்லை.

"கெரிம்பெக். பன்னண்டு வயசு. கயிறு அறுந்த இடத்துல."

கீழே... ஓடைப் பக்கத்திலிருந்து... ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். பிறகு அமைதியாக, வீட்டுக்குள்ளிருந்து பதில் சொல்வது மாதிரி:

"இருக்கேன்."

உடனே ஒரு பெண் குரல். "இருக்கேன்." அதற்கு மேலே, உடையாத ஒரு பையன் குரல். "இருக்கேன்."

ஷார்ஷென் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததில் பின்னாளில் ஒரு பல்லே விழுந்துவிட்டது என்று சொல்வான்.

சேயில்கான் நிறுத்தவில்லை. அவள் குரல் முன்னைவிட உரக்க வந்தது. பேர், வயது, இடம். பேர், வயது, இடம். ஒவ்வொன்றுக்கும் பதில். பாறைக்குப் பின்னாலிருந்து, ஓடைக்குள்ளிருந்து, பாதையின் நடுவிலிருந்து. பின்னணியில் ஒட்டகம் உறுமுகிறது. சேணம் கிறீச்சிடுகிறது. ஏதோ ஒரு கைக்குழந்தை இருமுகிறது, யாரோ அதன் முதுகில் தட்டுகிறார்கள்.

"யாரு அது?" என்று கத்தினான் ஜெதிமோவ். "ஆளுங்களை ஒளிச்சு வெச்சிருக்கியா? வெளிய வாங்கடா."

யாரும் வெளியே வரவில்லை. அவன் பாறைகளை நோக்கிச் சுட்டான். ஒரு குண்டு. "இருக்கேன்." இரண்டாவது குண்டு. "இருக்கேன்." ஏழு குண்டையும் சுட்டுத் தீர்த்தான். பதில் சொன்ன எந்தக் குரலும் அவசரப்படவில்லை, பயப்படவில்லை. ஒரு குரல்கூடத் தன் முறைக்கு முன்னால் பேசவில்லை.

"சுட்டு முடிச்சாச்சா?" என்றாள் சேயில்கான். "அவங்களை உங்களுக்கு முன்னாடியே ஒருத்தன் சுட்டுட்டான் தம்பி. ஒருத்தரை எத்தனை வாட்டி கொல்லுவீங்க? பேசாம நில்லுங்க. இன்னும் பாக்கி இருக்கு."

அவன் நின்றான். ஷார்ஷென் சத்தியம் செய்து சொல்வான்... அப்படி ஒரு அதிகாரி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

இருட்டிக்கொண்டு வந்தது. பேர்கள் மேலே ஏறி வந்தன. குரல்களும் மேலே ஏறி வந்தன, பாதை வழியாக, நெருங்கி, இன்னும் நெருங்கி... ரெட்டைப் பாறையைத் தாண்டும்போது ஷார்ஷெனின் தோளை ஏதோ உரசியது. கம்பளிக் கோட்டின் விளிம்பு மாதிரி. அது கடந்து போகும்வரை அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"அஜார். இருபத்து ரெண்டு வயசு. ரெட்டைப் பாறைக்கு மேலே."

"இருக்கேன்." இளம் குரல். ஷார்ஷெனுக்குப் பத்தடி தள்ளி.

அஜாரைச் சேயில்கானுக்கு நினைவிருந்தது. ஒன்பது வயதில் பார்த்தாள். அஜார் பாதையோரம் மல்லாந்து கிடந்தாள், அவளுடைய மூன்று வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் தூக்கிக்கொள்ளக் கை இல்லை. எல்லோரும் தாண்டிப் போனார்கள். சேயில்கானும் தாண்டிப் போனாள். அது உயிரோடு இருந்தது, இருந்தும் அடுத்த பேராக அதையும் சேர்த்துக்கொண்டுதான் நடந்தாள்.

"அஜார் மகன் தோலோ. மூணு வயசு. அதே இடத்துல."

முதல் தடவையாகப் பாறைகள் பக்கமிருந்து பதில் வரவில்லை.

ஒட்டகத்தின் உறுமல் நின்றது. இருமல் நின்றது. எல்லோரும் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஓர் அமைதி. அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.

"தோலோ."

"இருக்கேன்."

சின்னக் குரல். மழலை. அது வந்தது அவளுக்கு நேர் எதிரிலிருந்து. ஜெதிமோவின் வாயிலிருந்து.

யார் பேசியது என்று தேடித் திரும்பிப் பார்த்தவன் அவன்தானாம். இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். கையால் வாயைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அதே குரலில்,

"கால் குளிருது," என்றான்.

சேயில்கான் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு கணம் தலையைக் குனிந்தாள். "அன்னிக்குத் தூக்கிக்க எனக்குக் கை இல்லடா," என்றாள். அவ்வளவுதான். நிமிர்ந்து அடுத்த பேரைக் கூப்பிட்டாள். முந்நூற்றுப் பதினொன்றில் ஒரு பேர்கூட விடவில்லை. முகத்துக்கு முன்னால் கை தெரியாத இருட்டில் கடைசிப் பேருக்கு வந்தாள்.

"அரூக்கே. முப்பத்தோரு வயசு. இங்கதான்."

அந்தக் குரல் மட்டும் 'இருக்கேன்' என்று சொல்லவில்லை.

"தூங்கிடாதே. நட."

அவள் நடந்தாள். சாகத்தான் வந்தாள், ஆனால் நடந்தாள். ஷார்ஷென் கையில் குதிரைகள் நடுக்கம் நின்று சாதாரணமாக நின்றன. இரண்டு பேரும் குதிரையேறினார்கள். மூன்றாவது குதிரையின் சேணம் காலி. விடியும்போது ஊருக்குள் வந்தார்கள். தம்பி மனைவி விளக்கை அணைக்காமல் வைத்திருந்தாள். அவ்வளவு கறுத்துத் தொங்கின வானத்திலிருந்து அன்றைக்கு இரவு ஒரு பிடிப் பனி விழுந்ததோடு சரி, பிறகு விழவே இல்லை.

நகரத்திலிருந்து வேறு ஆட்கள் வந்தார்கள். அவளைப் பன்னிரண்டு நாள் தூங்கவிடாமல் விசாரித்தார்கள். எங்கே எங்கள் ஆள், எங்கே நோட்டு. அவள் ஒரே பதிலைச் சொன்னாள்:

"உங்க ஆளை நீங்கதான் அனுப்பினீங்க. நீங்களே போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. சரியான பேரைச் சொன்னா பதில் வரும்."

எட்டு வருஷம் கொடுத்தார்கள். வடக்கே மரம் வெட்டினாள். 1946இல் இரண்டு விரல் குறைந்து திரும்பி வந்து, வாசலிலேயே நின்று தம்பி மகனைக் கூப்பிட்டுத் தன் முதல் வேலையைச் செய்தாள்: எங்கள் வழக்கப்படி ஏழு தலைமுறை முன்னோர் பேரையும் சொல்லச் சொன்னாள். குபாத் ஐந்துதான் சொன்னான், காதைத் திருகினாள். தாயிர்பேக் வரவே இல்லை. இருபது வருஷம் கழித்து ஒரு காகிதம்தான் வந்தது, 1938இல் இறந்தார் என்று. ஆனால் அவனுக்குப் பேர் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவரைக்கூட, ஒரே ஒருவரைக்கூட, அவர்களால் தொட முடியவில்லை. சேயில்கான் அவளுடைய சொந்தப் படுக்கையில், எழுபதை நெருங்கி, போன வருஷம்தான் போய்ச் சேர்ந்தாள். அதுவரை ஒவ்வொரு இலையுதிர்காலமும் கரா-தாஷுக்கு ஏறினாள். பண்ணைத் தலைவர் போகக்கூடாது என்பார். "அப்போ நீங்க வந்து தடுங்க, மேல வந்து தடுங்க" என்பாள். அவர் வந்ததில்லை.

"அந்த அதிகாரி என்ன ஆனான்ணே?" என்கிறான் மாக்சாத். தீக்குச்சி கிழிக்கப் போனவன் அப்படியே கையில் வைத்திருக்கிறான்.

அதை ஷார்ஷென் வெகு நாள் யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் சேயில்கானை அடக்கம் செய்த அன்றைக்குக் குபாத்திடம் சொன்னான். ஷார்ஷெனுக்கு எண்பத்தைந்து வயது இப்போது. பொய் சொல்லி அவனுக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை தேடப் போனவர்களோடு அவன்தான் வழிகாட்டியாகப் போனான். கல்குவியல் பக்கத்தில், விழுந்திருந்த அந்த ஒரு பிடிப் பனியில், ஜெதிமோவின் பூட்ஸ் இரண்டும் நின்றுகொண்டிருந்தன. ஜோடியாக, நேராக. உள்ளே காலுறை மடித்து வைத்திருந்தது. கைத்துப்பாக்கி பக்கத்தில். கூட வந்த பெரிய அதிகாரி அதற்கு அப்பால் தெரிந்ததைப் பார்த்துவிட்டு, குதிரைகளை ஓட்டி எல்லாவற்றையும் மிதித்து அழிக்கச் சொன்னார். ஷார்ஷெனைக் கையெழுத்துப் போடவைத்தார், எதுவும் பார்க்கவில்லை என்று.

பூட்ஸிலிருந்து கணவாயின் அந்தப் பக்கத்துக்குக் காலடிகள் போயின. வெறும் கால். ஒவ்வொன்றும் இந்த அளவு... என் உள்ளங்கையில் பாதி. மூன்று வயதுக் குழந்தையின் கால். பக்கத்தில் வேறு யாருடைய தடமும் இல்லை. ஆனால் நாலு அடி வைத்தால் ஒரு பெரிய இடைவெளி, மறுபடி நாலு அடி, மறுபடி இடைவெளி...

இரண்டு பக்கமும் யாரோ கையைப் பிடித்துக்கொண்டு, அவ்வப்போது குழந்தையைத் தூக்கித் தாண்டவிட்டபடி நடந்த மாதிரி.